பறிமுதல் செய்யப்பட்ட சத்தம்

பாறைக்கொட்டாய் நஞ்சப்பனுக்குப் பைத்தியம் இல்லை. இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. அரசு மருத்துவர் ஒருவர் அவரை எதிரே உட்கார வைத்து, இன்று என்ன கிழமை, நம் மாவட்டத்தின் பெயர் என்ன, வீட்டில் அடிக்கடி சண்டை வருமா என்றெல்லாம் கேட்டுத் திருப்தியடைந்து, முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. மாரண்டஹள்ளியிலிருந்து காட்டோரமாக உள்ளே போனால் வரும் அந்த ஊரில் பெரிய மனிதர்களுக்குக் குறைவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் இருக்கிறார், பூசாரி இருக்கிறார், கட்சிக்கு இரண்டு பேராகக் கிளைச் செயலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் புத்தி சரியாக இருக்கிறது என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்ட மனிதர் அங்கே நஞ்சப்பன் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் ஒரு நம்பிக்கையில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவருடைய மனைவி சுகுணா மட்டும் அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொண்டதில்லை.

"அந்த டாக்டரு இவர அஞ்சு நிமிசம் பாத்தாரு. நான் கட்டிக்கிட்ட நாள்ல இருந்து பாக்கறேன். யாரு சொல்றது செல்லும்?" என்பார்.

விவசாயம் செய்ய எந்த மருத்துவரும் சான்று தர வேண்டியதில்லை. நியாயமாகப் பார்த்தால் அதற்குத்தான் முதலில் கேட்க வேண்டும். நஞ்சப்பனுக்கு அது தேவைப்பட்ட காரணம், அவரிடம் துப்பாக்கி இருக்கிறது. அப்பா மாயவன் காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. மாயவன் போன பிறகு உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்ற நஞ்சப்பன் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி, தாசில்தார், வனத்துறை, காவல்துறை என்று ஏறி இறங்கிக் கடைசியில் கலெக்டர் அலுவலகம் வரை போனார். எல்லா மேசைக்கு முன்னாலும் ஒரே உரையாடல்தான் நடந்தது.

"எதுக்குங்க துப்பாக்கி?"

"காட்டுப்பன்னிக்குங்க."

"உத்தரவு இல்லாம பன்னிய சுட்டா கேஸ் ஆவும், தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்ப துப்பாக்கி எதுக்கு?"

"காட்டுப்பன்னிக்குங்க."

இதற்கு மேல் கேட்க அலுவலகங்களிடம் கேள்வி இல்லை, சொல்ல நஞ்சப்பனிடம் பதில் இல்லை. உரிமம் வந்துவிட்டது. பயிரைக் காக்க ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். பயிரைத் தின்கிற பிராணியை அந்த ஆயுதத்தால் தொடக்கூடாது. சட்டத்தை எழுதியவர்கள் ஏதோ யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நஞ்சப்பன் நம்பினார். அப்படி நம்பக்கூடியவர் என்பதால்தான் டாக்டரும் சான்று கொடுத்தார் என நினைக்கிறேன்.

ஆயுதத்தின் வல்லமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் தேங்காய் நாரைத் திணித்து இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ஈய ரவைகள். மறுபடியும் நார், மறுபடியும் இடி. அப்புறம் பின்பக்கம் நெருப்புப் பொறிக்கு ஒரு சின்ன வெடிக் கேப்பைப் பொருத்தி, விசையைப் பின்னால் இழுத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு சுட வேண்டும். கண்ணை மூடுவது உரிமத்தின் நிபந்தனைகளில் இல்லை. அது நஞ்சப்பன் தாமாகச் சேர்த்துக்கொண்டது. ஒருமுறை சுட்டுவிட்டு மறுமுறைக்கு இடித்து முடிப்பதற்குள் பன்றிக் குடும்பம் ஒரு பாத்தியை முடித்துவிட்டு அடுத்த பாத்தியில் பந்திக்கு உட்கார்ந்திருக்கும்.

இத்தனை காலத்தில் அந்தத் துப்பாக்கி சாதித்தவை: சொந்தக் கிணற்றடியில் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று, பக்கத்து நிலத்துத் தென்னையில் இரண்டு இளநீர். பன்றிகள் தரப்பில் காயம் ஏதுமில்லை. ஆனால் சத்தம் இருக்கிறதே, அது வேறு. சுட்டால் எதிர்மலையில் மோதி, மலை திரும்ப ஒருமுறை சுடும். பன்றிகள் இரண்டு மூன்று நாளைக்கு அந்தப் பக்கமே தலைகாட்டாது. ஆக, அந்தத் துப்பாக்கியில் பயிருக்கு உதவிய பாகம் சத்தம் ஒன்றுதான். ரவைகள் சும்மா கூடப் போய்வந்தன.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன் குரு, கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினான். அவனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வீடியோவில் வெளிநாட்டு மனிதர் ஒருவர் அரைக்கால் சட்டையோடு நின்று, ராணுவத்தில் வைத்திருப்பதுபோன்ற துப்பாக்கியால் வரிசையாக அடுக்கிய பூசணிக்காய்களைச் சிதறடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருக்கா மாட்டனா முப்பது குண்டுப்பா. கடைல போயி வாங்கிக்கலாமாம். இத சனங்க வெச்சிக்கலாமா கூடாதான்னு அங்க பெரிய சண்ட நடக்குது."

"அவங்க ஊர்லயும் பன்னித் தொல்லயா?"

"இல்லப்பா. பாதுகாப்புக்கு வெச்சிக்கிறாங்க."

"எதுகிட்ட இருந்து?"

குரு வீடியோவை நிறுத்தினான். "இதே மாதிரி துப்பாக்கி வெச்சிருக்கிற இன்னொருத்தன்கிட்ட இருந்து."

நஞ்சப்பன் வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். பூசணிக்காய்கள் மறுபடி சிதறின.

"இவருக்கெல்லாம் டாக்டரு சர்டிபிகேட்டு உண்டா?"

"எல்லா எடத்துலயும் கேக்க மாட்டாங்களாம்."

"அதான பாத்தேன்," என்றார் நஞ்சப்பன். "பூசணிக்கா என்னா பாவம் பண்ணுச்சு."

அந்தப் பெரிய நாடுகள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும் இந்தப் பிரச்சினையை நம் நாடு எப்போதோ தீர்த்துவிட்டது. குடிமகன் துப்பாக்கிக்குச் சொந்தக்காரனாக இருக்கலாம். துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்கும். தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை எல்லாம் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். நம்முடைய ஜனநாயகம் செழிப்பானது. நாடாளுமன்றம் முடிந்தால் சட்டமன்றம், அதற்கு நடுவில் உள்ளாட்சி, அதற்கும் நடுவில் யாராவது கண்ணை மூடினால் இடைத்தேர்தல். அதனால் துப்பாக்கி வீட்டிலிருந்த நாட்களைவிடக் காவல் நிலையத்தில் இருந்த நாட்கள் அதிகம். அக்கம்பக்கத்தில் கேட்டால் சுகுணா, "பொறந்த வூட்டுக்குப் போயிருக்குது. எப்ப வரும்னு சொல்ல முடியாது," என்பார். துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது, உரிமத்தைப் புதுப்பிப்பது, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது ஆகிய பொறுப்புகள் மட்டும் நஞ்சப்பனோடு இருந்தன.

பன்றிகளுக்கு இந்த அட்டவணை எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. துப்பாக்கி பஸ் ஏறிய வாரத்திலேயே அவை மலையிறங்கின. இரண்டு பட்டம் தொடர்ந்து நிலக்கடலையை வேரோடு கிளறித் தின்றுவிட்டுப் போயின. மிஞ்சியது கொடி மட்டும். அதை மாடு தின்றது. இரண்டாவது பட்டமும் போன அன்று சுகுணா வரப்பில் நின்று தன் தீர்மானத்தை அறிவித்தார்.

"இந்த மார்கழிப் பட்டம் ஒண்ணு. இதுலயும் ஒண்ணும் வரலன்னா நெலத்த அப்படியே போட்டுட்டு குருகிட்ட போயிடலாம். ரெண்டு பேரும் ஓசூர்ல கெடப்போம்."

"மூணாவது மாடிலயா?"

"மூணாவது மாடிலதான்."

நஞ்சப்பன் அந்த மூன்றாவது மாடிக்கு ஒரு தடவை போயிருக்கிறார். வெற்றிலை போட்டுவிட்டுத் துப்ப இடம் தேடிக் கீழே இறங்கி, தெரு முழுக்க சிமெண்டாக இருந்ததால் மறுபடியும் நிறைந்த வாயோடு மேலே ஏறி வந்தவர். அவரால் அங்கே ஒரு வாரம்கூட இருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், சுகுணாவுக்கும் தெரியும். அதனால் இந்த முறை போட்ட கடலையில்தான் எல்லாம் இருந்தது. அது பிழைத்தால் நஞ்சப்பன் பாறைக்கொட்டாயில் இருப்பார். இல்லாவிட்டால் மாடியில்.

கிணற்றுத் தண்ணீரில் பயிர் நன்றாகவே வந்தது. பங்குனியில் பூ இறங்கிக் காய் பிடித்த சமயம், சட்டமன்றத் தேர்தலும் அறிவித்தார்கள்.

காவல் நிலையத்திலிருந்து ஏட்டு சென்றாயன் போன் போட்டார். "நஞ்சப்பா, கொண்டாந்து குடுத்துடு. எஸ்.ஐ. மேடம் கேக்கறாங்க."

"கடல காய் புடிச்சிருக்குதுங்க."

"அதுக்கு? எலக்சன தள்ளி வெக்கச் சொல்லட்டுமா?"

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்ப விஷயம். வாய் வழியாகக் கெட்டித்த துப்பாக்கியை மறுபடி காலி செய்ய ஒரே வழி சுடுவதுதான். மருந்தோடு காவல் நிலையத்துக்கு எடுத்துப் போகக்கூடாது. ஆகவே ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் நஞ்சப்பன் தன் கடலைக்காட்டில் நின்று, மலையைப் பார்த்து ஒரு வேட்டுப் போட்டுத் துப்பாக்கியைக் காலி செய்வது வழக்கம். இந்தத் தொகுதியில் தேர்தல் வந்துவிட்டது என்பதை ஊர் அந்தச் சத்தத்தில்தான் தெரிந்துகொள்ளும். இந்த முறை வேட்டு போடுகிற நேரத்தில் அதே ஊர் லூர்து மேரி மகன் ஆரோக்கிய பிரவீன் வண்டியோடு அங்கே வந்து நின்றான். குட்டி யானை வண்டியில் ஊர் ஊராக வெங்காயம் விற்பவன். வண்டியின் தலையில் ஒரு கூம்பு மைக் கட்டியிருப்பான். அவன் வாயே திறக்க வேண்டாம். மைக் தானாகவே கூவிக்கொண்டிருக்கும்.

நஞ்சப்பன் மைக்கைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். அரசு சான்றளித்த அந்த மூளையில் ஒரு யோசனை பிறந்தது.

"பிரவீனு, இதுல எந்தச் சத்தத்த போட்டாலும் திருப்பிச் சொல்லுமா?"

"சொல்லும் மாமா. நீங்க நிறுத்தற வரைக்கும் சொல்லும்."

"வேட்டுச் சத்தம்?"

பிரவீன் சிரித்துவிட்டான். அவனிடம் வீட்டில் பழைய மைக் ஒன்று சும்மா கிடந்தது. அதைத் தருவதாகச் சொல்லி, கைப்பேசியை நீட்டிப் பதிவைத் தொடங்கினான். நஞ்சப்பன் மலையைக் குறிவைத்து, கண்ணை மூடி, சுடுவதற்கு முன்னால் எப்போதும் கொடுக்கும் எச்சரிக்கையைக் கொடுத்தார்.

"ஓரம் போங்க, ஓரம் போங்க, சுடப்போறேன்."

அந்த வட்டாரத்தில் அவரையும் பிரவீனையும் தவிர யாரும் இல்லை. ஆனாலும் சொல்வார். மூன்று தடவை சொல்வார். மூன்றாவது தடவைக்கு வீட்டுப் பக்கமிருந்து சுகுணாவின் குரல் வந்தது.

"அட சுட்டுத் தொலைங்க, சோறு ஆறுது."

துப்பாக்கி வெடித்தது. மலையும் வெடித்தது. எல்லாமே பதிவாயிற்று.

"அத்த பேசனத வெட்டிடட்டா மாமா?"

"இருக்கட்டும். பன்னிக்கு எங்க ரெண்டு பேரு சத்தமும் தெரியும்."

வேட்டை ஏற்றி மைக்கில் செருகிய மெமரி கார்டில் பிரவீனின் பழைய வெங்காய விளம்பரமும் இருந்தது. வேட்டு முடிந்ததும் அது வரும், அது முடிந்ததும் மறுபடி வேட்டு வரும். அதை அழிக்க அவனுக்கு அன்றைக்கு நேரமில்லை. மைக்கைக் கடலைக்காட்டின் நடுவில் ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு, மறுநாள் காலை நஞ்சப்பன் துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். சட்டப்படி ஆயுதம் காவல் நிலையத்துக்குப் போயிற்று. அதன் சத்தம் மட்டும் கடலைக்குக் காவல் நின்றது.

பன்றிகள் வரவில்லை. ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, இரண்டு வாரமாக ஒரு குளம்புத் தடம்கூடக் காட்டில் விழவில்லை. நிஜத் துப்பாக்கி ஒருமுறை வெடித்தால் அடுத்ததற்கு இடிக்க வேண்டும். இதற்கு இடி வேண்டாம், கண்ணை மூட வேண்டாம், தண்ணீர்த் தொட்டிக்கும் ஆபத்தில்லை. நஞ்சப்பன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் படுத்ததும் தூங்கினார். ஊர்க்காரர்களுக்கும் பழகிவிட்டது. வேட்டுச் சத்தத்தில் குழந்தைகள் தூங்கின. வெங்காயம் வந்ததும் புரண்டு படுத்தன.

பழகாதவர்கள் வெளியூர்க்காரர்கள். பக்கத்துக் கிராமத்தில் வாக்கு கேட்டுவிட்டு ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள் இருட்டில் வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மலைப் பக்கமிருந்து ஓர் ஆணின் குரல் சுடப்போறேன் என்றது. ஒரு பெண்ணின் குரல் சுட்டுத் தொலைங்க என்று ஆணையிட்டது. உடனே வெடித்தது. வேனில் இருந்தவர்கள் சீட்டுக்கு அடியில் போய்விட்டார்கள். அவர்களில் கடமையுணர்வு மிக்க ஒருவர் அடியில் இருந்தபடியே வீடியோ எடுத்தார். படத்தில் கறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை, ஆனால் சத்தம் தெளிவாக இருந்தது. வெங்காயம் வருவதற்குள் வேன் பறந்துவிட்டதால் அந்த முக்கியமான சாட்சியம் பதிவாகவில்லை.

விடிவதற்குள் அந்த வீடியோ தொகுதி முழுக்கப் போய்விட்டது. வாக்காளர்களை மிரட்டத் துப்பாக்கிச் சூடு நடக்கிறது என்று இந்தக் கட்சி சொன்னது. எங்கள் வேட்பாளரைக் கொல்லச் சதி என்று அந்தக் கட்சி சொன்னது. அந்த வேட்பாளர் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. மலையில் ஒரு பெண்ணின் தலைமையில் கூட்டம் ஒன்று பதுங்கியிருக்கிறது என்று யாரோ எழுதினார். அதை ஆயிரக்கணக்கானவர்கள் நம்பினார்கள். அவர்களில் ஒருவரிடமும் டாக்டர் சான்றிதழ் இல்லை.

காலையில் நஞ்சப்பன் வீட்டுக்கு முன்னால் இரண்டு ஜீப் வந்து நின்றன. எஸ்.ஐ. தேவிப்பிரியா இறங்கினார். பின்னாலேயே ஏட்டு சென்றாயன்.

"இன்னொரு துப்பாக்கி எங்கங்க?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"இன்னொண்ணுன்னா?"

"ஒண்ணு எங்ககிட்ட இருக்குது. ராத்திரி சுட்டது எது?"

"அதுவும் உங்ககிட்ட இருக்கறதுதானுங்க."

சென்றாயனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னய்யா, எங்க ஸ்டேசன்ல இருந்து துப்பாக்கி தானா எழுந்து வந்து சுட்டுட்டுப் போச்சா?"

"துப்பாக்கி வரலீங்க. சத்தம் மட்டும்தான்."

இந்தப் பதில் விசாரணையை எளிதாக்கவில்லை. வீட்டைச் சோதனை போட்டார்கள். அரிசி மூட்டையில் கம்பியை விட்டுப் பார்த்தார்கள், வைக்கோல் போரைப் பிரித்தார்கள், மாட்டுத் தொட்டியில் கையை விட்டுத் துழாவினார்கள். சுகுணா பின்னாலேயே நடந்து, கலைத்ததை எடுத்து வைத்துக்கொண்டே வந்தார்.

"அந்த ராகி டப்பாவ தொறந்தா மூடிட்டு போங்க சார். வண்டு பூந்துக்கும். பன்னி வந்தா காட்ட மட்டுந்தான் கெளறும், நீங்க வூட்டையும் சேத்துக் கெளறறீங்க."

"அம்மா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க," என்றார் எஸ்.ஐ. கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டார். "இதுல ஒரு பொம்பள 'சுட்டுத் தொலைங்க'ன்னு ஆர்டர் போடறாங்க. அது யாருன்னுதான் மேல கேக்கறாங்க."

சுகுணா காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். "நான்தான் மேடம். ஆனா சோத்த காணமே."

"எந்தச் சோறு?"

"சோறு ஆறுதுன்னு சொன்னேன். இதுல எவனோ ஐயோன்னு கத்தி அத அமுக்கிட்டான்."

மைக்கைக் கம்பத்திலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டு, புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஜீப்பில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். வேட்டு போடுவதைப் பதிவு செய்தவன் என்ற முறையில் ஆரோக்கிய பிரவீனையும் பிடித்துவந்தார்கள், வெங்காய வண்டியோடு. எஸ்.ஐ. மைக்கை மேசைமேல் வைத்து இயக்கச் சொன்னார். பிரவீன் பொத்தானை அழுத்தினான்.

ஓரம் போங்க, ஓரம் போங்க, சுடப்போறேன். அட சுட்டுத் தொலைங்க, சோறு ஆறுது. பிறகு அந்த அறைக்குள் துப்பாக்கி வெடித்தது. ஏட்டு சென்றாயன், பணி அனுபவத்தின் காரணமாக, உடனே மேசைக்கு அடியில் இருந்தார். மலையின் எதிரொலி அடங்கியது. அப்புறம் பிரவீனின் உற்சாகமான குரல்: பல்லாரி வெங்காயம், பல்லாரி வெங்காயம், நாசிக் வெங்காயம், வாங்கம்மா வாங்க.

எஸ்.ஐ. கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. சென்றாயன் கீழே விழுந்த பேனாவைத் தேடுவதுபோலப் பாவனை செய்துவிட்டு எழுந்தார்.

"பாத்தீங்களா மேடம், சோறு வந்துச்சா," என்றார் சுகுணா.

விஷயம் இதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறது, நடவடிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று காலையிலேயே மேலிடத்துக்கு அறிக்கை போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை என்று இப்போது எழுதினால், ஒன்றும் நடக்காத இடத்துக்கு இரண்டு ஜீப் ஏன் போயிற்று என்று கேட்பார்கள். எஸ்.ஐ. நல்லவர், இந்தத் தம்பதியைக் காப்பாற்றத்தான் நினைத்தார். ஆயுதச் சட்டத்தைப் புரட்டினார். குண்டு இருந்தால் பிரிவு இருக்கிறது, மருந்து இருந்தால் பிரிவு இருக்கிறது, குழல் மட்டும் இருந்தாலும் இருக்கிறது. சத்தம் மட்டும் இருந்தால் இல்லை. கடைசியில் சென்றாயன்தான் வழி கண்டுபிடித்தார்.

"மேடம், ராத்திரி பத்து மணிக்கு மேல மைக்கு போடக்கூடாது. எலக்சன் நேரம். அனுமதியும் இல்ல."

அறையில் இருந்த எல்லோருக்கும் நிம்மதி. துப்பாக்கி வழக்கு ஒலிபெருக்கி வழக்காக மாறியது. உரிமம் தப்பித்தது. மைக்கை மட்டும் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, வழக்குச் சொத்து என்று எழுதிக் கட்டினார்கள். அலமாரியில் அதற்கு இடம் கிடைத்தது நஞ்சப்பனின் துப்பாக்கிக்குப் பக்கத்தில்தான். துப்பாக்கியும் அதன் சத்தமும் கடைசியில் ஒன்று சேர்ந்தன.

"பன்னி வந்தா நான் என்னா பண்றதுங்க?" என்று கேட்டார் நஞ்சப்பன்.

"வாயால கத்துங்க," என்றார் எஸ்.ஐ. அலுத்துப்போய். "அதுக்கு அனுமதி வேண்டாம்."

சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன் என்பதால் நஞ்சப்பன் அப்படியே செய்தார். பொழுது சாய்ந்ததும் காட்டின் ஒரு மூலையில் நின்று, மைக் சொன்னதையே அவர் சொன்னார். ஓரம் போங்க, ஓரம் போங்க, சுடப்போறேன். முதல் இரண்டு நாள் சுகுணா வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் பன்றிகள் தெற்குப் பக்கத்தில் நாலு பாத்தியைக் கிளறியதும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காலி எண்ணெய் டின்னோடு எதிர் மூலையில் போய் நின்றார். அவர் சுடப்போறேன் என்றால், இவர் சுட்டுத் தொலைங்க என்று டின்னில் ஓங்கி அடித்தார். பதிவில் இருந்தது ஒன்று விடாமல் நடந்தது. வெங்காயத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மைக்குக்கு இருந்த தொண்டை மனிதனுக்கு இல்லை. ஒரு வாரத்தில் நஞ்சப்பனின் குரல் கரகரத்தது, பத்தாவது நாள் காற்று மட்டும் வந்தது. அப்புறம் இரண்டு பேர் வசனத்தையும் சுகுணாவே சொன்னார். பன்றிகள் தைரியம் பெற்று, தெற்கே இருந்து நாளுக்குக் கொஞ்சமாக முன்னேறின. வாக்குப்பதிவு நாளன்று ஊர் முழுக்க வரிசையில் நின்றபோது இவர்கள் ஆள் பிடித்துக் கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் காய் இன்னும் முற்றியிருக்கும், ஆனால் அதற்குள் வேறு யாராவது பிடுங்கியிருப்பார்கள். சாயங்காலமாக ஓடிப்போய் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தார்கள்.

களத்தில் கொட்டிப் பார்த்தபோது தெற்குப் பாதி போய்விட்டது, வடக்குப் பாதி வந்துவிட்டது. சுகுணா ஒரு கைப்பிடி அள்ளி, ஒரு காயை உடைத்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார். நஞ்சப்பன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரால் கேட்கவும் முடியாது, குரல் இல்லை. ராத்திரி குரு போன் செய்தபோதுதான் தீர்ப்பு வந்தது.

"இல்லடா, இப்ப வரல. வெதைக்கு எடுத்து வெச்சிருக்கேன், அடுத்த பட்டம் போடணும். உங்கப்பாவயா? அவரால பேச முடியாது. அங்க வந்து மட்டும் என்னா பண்ணப் போறாரு, மாடில நின்னு யார ஓரம் போங்கன்னு சொல்லுவாரு."

நஞ்சப்பன் வாசலுக்குப் போய், நிதானமாக, திருப்தியாக, மண்ணில் வெற்றிலையைத் துப்பினார்.

வாக்கு எண்ணிக்கை முடிந்து, ஜெயித்தவர்கள் ஜெயித்து, தோற்றவர்கள் இயந்திரத்தைத் திட்டி ஓய்ந்த பிறகு, துப்பாக்கியை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் போன் வந்தது. நஞ்சப்பனுக்குப் பேச்சு இன்னும் சரியாகாததால் சுகுணாவும் கூடப் போனார். சென்றாயன் அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து, தூசி தட்டி, மரியாதையாக மேசைமேல் வைத்தார். பக்கத்தில் அரக்கு முத்திரையோடு மைக் இருந்தது. அதை அவர் தொடவில்லை.

"அது?" என்றார் சுகுணா.

"அது கேஸ் சொத்தும்மா," என்றார் எஸ்.ஐ. "கோர்ட்ல முடிஞ்சாதான் குடுக்க முடியும். வருசக் கணக்கா ஆவலாம். துப்பாக்கிக்கு ஒண்ணும் தடையில்ல, எடுத்துட்டுப் போங்க."

சுகுணா மேசைமேல் இருந்ததையும் அலமாரியில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், இது ஆளக் கொல்லும். அது வெங்காயம் விக்கும். கொல்றத கையில குடுத்துட்டு, கத்தறத உள்ள வெச்சிக்கிறீங்களே."

எஸ்.ஐ.க்கும் அது ஏற்கெனவே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் தோன்றுவதை எல்லாம் எழுத அவருக்கு அதிகாரம் இல்லை.

நஞ்சப்பன் துப்பாக்கியைத் தடவிப் பார்த்தார். பிறகு அதை இரண்டு கையாலும் மெதுவாக மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார். காற்றும் கரகரப்புமாக ஒரு குரல் வந்தது.

"இது எனக்கு வேணாங்க மேடம். இங்கயே இருக்கட்டும். ஒரேயடியா எழுதிக் குடுத்துடறேன். அந்த மைக்கு வந்தா மட்டும் ஒரு போன் போடச் சொல்லுங்க."

"லைசன்சோடயா?"

"லைசன்சோடங்க."

எஸ்.ஐ. நிமிர்ந்து உட்கார்ந்தார். துப்பாக்கி வேண்டும் என்று கெஞ்சியவர்களை, மிரட்டியவர்களை, அமைச்சரிடம் சொல்லி வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். உரிமத்தோடு உள்ளதை வேண்டாம் என்று யாரும் தள்ளியதில்லை. குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு கேட்டார்.

"ஏங்க, மனசு கினசு நல்லாத்தான இருக்குது உங்களுக்கு?"

நஞ்சப்பன் சட்டைப் பையில் கையை விட்டார். பிளாஸ்டிக் உறை போட்ட அந்தச் சான்றிதழை எடுத்துத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். எஸ்.ஐ. படித்துவிட்டு, இது சரிதானா என்று கேட்பதுபோல சுகுணாவைப் பார்த்தார்.

சுகுணா அந்தக் காகிதத்தை இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கையில் எடுத்து, முழுக்கப் படித்தார்.

"டாக்டரு சரியாத்தான் எழுதியிருக்காரு மேடம்," என்றார்.